தேர் விளக்கு எரிந்ததும் அணைந்த கீபோட்: ஹட்டன் பக்கத்து இசைக்குழு ஒன்றின் கருவித் தெரிவு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் இருக்கும் ஏழு பேர் கொண்ட ஓர் இசைக்குழு. பாட்டுக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர். வாத்தியத்துக்கு கீபோட், பேஸ் கிட்டார், ரிதம் பேட், தபேலா, புல்லாங்குழல். மாசி பிறந்தால் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாக்கள், சித்திரையில் நுவரெலியா வசந்தகால நிகழ்ச்சிகள், மற்ற மாதங்களில் கலியாண வீடும் டவுன் ஹோலும். கையில் இருந்தது தானாகத் தாளம் வாசிக்கும் எரேஞ்சர் வகைக் கீபோட். பழையது, எடை பதினொரு கிலோவுக்கு மேல்.

புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு ஒரு திருவிழா இரவில் தொடங்கியது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் தேர் வெளிக்கிட, தேருக்குக் கட்டியிருந்த பெரிய விளக்குகளைப் போட்டார்கள். அதே கணத்தில் கீபோட்டின் திரை இருண்டு, மறுபடி எரிந்தது. கருவி எழும்பி வரும்வரை பேஸும் தபேலாவும் பாட்டைத் தாங்கின. வந்த பிறகு நடந்ததுதான் கூடுதல் சேதம். அந்தப் பாட்டுக்கு இரண்டு அரைச்சுரம் இறக்கி வைத்திருந்த ட்ரான்ஸ்போஸ் (கருவி முழுவதன் சுருதியையும் ஏற்றி இறக்கும் வசதி), அணைந்து எழும்பியதில் பூச்சியத்துக்குப் போயிருந்தது. பாடகி பழைய சுருதியில் நிற்க, கீபோட் ஒரு முழுச்சுரம் மேலே போய் விழுந்தது.

"கீபோட் பழுது, பெரிசா ஒண்ணு வாங்குவோம்" என்பது குழுவின் முதல் முடிவு. அது பாதிதான் சரி.

கம்பியில் தொலைந்த வோல்ட்

கோவில் முற்றத்துக்கு மின்சாரம் வந்தது சுமார் நூறு மீற்றர் தள்ளியிருந்த லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), ஒரு சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில். செம்பின் தடையைக் கணக்குப் பார்த்தால், போகவும் வரவுமாக இருநூறு மீற்றருக்கு ஏறக்குறைய 3.4 ஓம் வரும். விளக்கும் ஒலிபெருக்கியுமாக 2,500 வாட் சுமை ஏறினால் ஓடும் மின்னோட்டம் பத்து அம்பியர் அளவு. அப்படியானால் 30 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடுகிறது. லயத்தில் 230 இருந்தாலும் மேடையில் 200க்குக் கீழேதான் கிடைக்கும். மல்டிமீற்றரை மேடைப் பிளக்கில் வைத்து, விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் தெரியும். அன்றிரவு யாரும் அளக்கவில்லை.

அந்த வீழ்ச்சியைப் பேஸ் அம்ப்ளிஃபயர் தாங்கியது, கீபோட் தாங்கவில்லை. கீபோட்டின் அடப்டர் இரும்புக் கருவுள்ள பழைய ட்ரான்ஸ்ஃபோமர் வகை. உள்ளே வருவது எத்தனை வீதம் விழுகிறதோ, வெளியே போவதும் அத்தனை வீதம் விழும். கருவிக்குள் வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்குக் குறைந்தபட்ச வோல்ட் கிடைக்காதபோது கணினிப் பகுதி ரீசெட் ஆகிவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட ஸ்விட்ச்மோட் அடப்டராக இருந்திருந்தால் 190 வோல்ட்டில் அதற்கு ஒன்றும் ஆகியிராது. கருவி கேட்கும் அதே வோல்ட், அதே முனை ஒழுங்கு (நேர், எதிர் முனைகள் இருக்கும் இடம்), குறையாத அம்பியர் உள்ள நல்ல அடப்டர் ஒன்று மாட்டியிருந்தால் இந்த ஒரு குறை சில ஆயிரம் ரூபாவில் தீர்ந்திருக்கும். வேறு குறை இல்லாத குழுக்கள் முதலில் இதைச் செய்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.

மின்சாரம் போனால் தன் பெட்டரியில் தாங்கும் யூபிஎஸ் வைத்தால் போதாதா என்ற கேள்வியும் வந்தது. 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருபது வாட் அளவு இழுக்கும் கீபோட்டை அரை மணித்தியாலம் தாராளமாகத் தாங்கும். டவுன் ஹோலுக்கு அது நல்ல ஏற்பாடு. தோட்டத்துச் சிறிய ஜெனரேட்டரில் கதை வேறு. சுமை ஏறி இறங்கும்போது அதன் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸில் நிற்காது. யூபிஎஸ் அதை நல்ல மின்சாரமாக ஏற்காமல் தன் பெட்டரிக்குத் தாவும், திரும்பும், மறுபடி தாவும். பெட்டரி முடிந்ததும், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீபோட் அணையும். இன்வேர்ட்டர் வகை ஜெனரேட்டரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் திருவிழாவுக்கு வாடகைக்கு வருவது பெரும்பாலும் அந்த வகை அல்ல.

அறுந்த ஒலியும் அலறிய கட்டைகளும்

மின்சாரத்தோடு சம்பந்தம் இல்லாத இரண்டு முறைப்பாடுகள் நெடுநாளாக இருந்தன. கருவியை மாற்றுவதற்கு உண்மையான நியாயம் இவற்றில்தான் கிடைத்தது.

முதலாவது, ஒலி மாற்றும் இடம். முன்னிசையில் வயலின் கூட்டம் இறங்கி ஓய, அதன் வால் மறையுமுன் குழல் எழ வேண்டும். பழைய கீபோட்டில் பொத்தானை அமுக்கியதும் வயலின் கத்தியால் வெட்டினாற்போல் நின்றுவிடும். புதிய ஒலி தன் ரிவெர்பையும் (எதிரொலிச் சாயல்) மற்ற எஃபெக்டுகளையும் ஏற்றும்போது பழைய ஒலியின் எஃபெக்டு கலைக்கப்படுவதே காரணம். வாசிப்பவர் அந்த வெட்டை மறைக்க அரைத்தாளம் முன்னதாகவே கையை எடுத்துப் பழகிவிட்டார். சபைக்கு அது ஒரு குழியாகக் கேட்கும்.

இரண்டாவது, நடு ஸ்தாயியில் நான்கைந்து கட்டைகள் மெல்லத் தொட்டாலும் அலறும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழில் இரண்டு கரித் தொடுபுள்ளிகள் உண்டு. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையிலான நேரத்தை வைத்தே எவ்வளவு பலமாக அடித்தோம் என்று கருவி கணிக்கிறது. முதலாவதில் அழுக்கேறி அது பிந்தித் தொட்டால் இடைவெளி சுருங்கும். கருவிக்கு அது பலத்த அடி. மலைநாட்டில் மூடுபனி ஈரமும் தோட்டத்து ரோட்டுப் புழுதியும் ஒரே கருவிக்குள் சேர்வதால் இது சீக்கிரம் வரும். கட்டைத் தொகுதியைக் கழற்றி, ரப்பர் பட்டையையும் பலகையையும் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பூட்டினால் பெரும்பாலும் சரியாகும். கரியைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் பட்டையையே மாற்ற வேண்டி வரும்.

கடைக்கு முன் பாட்டுப் பட்டியல்

இந்த ஆய்வில் அதிகப் பலன் தந்தது ஒரு கொப்பி. குழு வழமையாக வாசிக்கும் பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன ஒலிகள், எந்தச் சந்தியில் மாறுகிறது, மாற எத்தனை தாளம் அவகாசம், பாடகர் எந்தச் சுருதி என்று குறித்தார்கள். எழுதி முடித்தபோது இரண்டு விசயம் வெளிச்சமாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிகள் உண்டென்று விளம்பரம் சொல்லும் கருவியில் இவர்களுக்கு வேண்டியவை இருபத்தைந்துக்குள் அடங்கின: வயலின் கூட்டம், தனி வயலின், குழல், நாதஸ்வரம், ஷெனாய், வீணை, சிதார், சந்தூர், ஹார்மோனியம், பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, பித்தளை, இன்னும் சில. அடுத்தது, ரிதம் பேடும் தபேலாவும் இருக்கும் குழுவில் எரேஞ்சரின் தானியங்கித் தாளத்தை யாரும் தொடவே இல்லை. தொடாத தாளத்துக்காகப் பதினொரு கிலோவை மேட்டு லயத்துக்குச் சுமந்திருக்கிறார்கள். எரேஞ்சர் கெட்ட கருவி என்று சொல்லவில்லை. ஒருவரே பாடி வாசிக்கும் ஹோட்டல் நிகழ்ச்சிக்கு யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் 900 போல ஒன்று மிகப் பொருத்தம். ஏழு பேர் குழுவுக்கு அது தேவைப்படாது.

கட்டைகளின் எண்ணிக்கையிலும் இதே கேள்விதான். 88 சுத்தியல் கட்டை உள்ள யமஹா மோட்எக்ஸ் 8 கிட்டத்தட்ட பதினான்கு கிலோ. அதே குடும்பத்து 61 கட்டை மோட்எக்ஸ் 6 வெறும் 6.6 கிலோ. பியானோ முறையாகப் பயின்றவருக்கு 61 கட்டை நெருக்கமாக இருக்கும் என்பது உண்மை. மெல்லிசைக்கு ஐந்து ஸ்தாயி போதும். ஓட்டோவின் பின் இருக்கையில் குறுக்கே கிடத்தவும் அதுதான் வசதி.

மூன்று கருவிகள்

இறுதியில் ஒப்பிட்டவை கோர்க் க்ரொஸ் 2, ரோலண்ட் ஜூனோ-டிஎஸ் 61, யமஹா மோட்எக்ஸ் 6. முறையே 2017, 2015, 2018இல் வந்தவை. கடையில் புதிதாகக் கிடைப்பதைவிடக் கைமாறி வருவதே இப்போது கூடுதல்.

ஒலி மாறும் இடத்தில் மோட்எக்ஸுக்கு இணை இந்த மூன்றில் இல்லை. நான்கு ஒலிப் பகுதிகள் வரையுள்ள அமைப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பிடித்திருக்கும் சுரம் அறாது. வால் தன் பாட்டில் மறைய, புதியது எழும். நான்கு ஸ்லைடர்களும் கைக்கெட்டும் இடத்தில். குறை ஒன்றே: பெட்டரியில் ஓடாது. க்ரொஸ் 2இன் எடை 3.8 கிலோ, ஆறு டபுள்-ஏ பெட்டரியில் ஓடும். ஆனால் கட்டைகள் மிக இலேசு, வேகமான பிருகாக்களில் (சுரங்கள் விரைந்தோடும் இடங்களில்) விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை என்பது வாசிப்பவரின் தீர்ப்பு. அதை மதிக்கத்தான் வேண்டும். ஜூனோ-டிஎஸ் 61இன் எடை 5.3 கிலோ. எட்டு டபுள்-ஏ நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைட் பெட்டரியில் ஓடும், மைக் பொருத்தலாம், சிறு ஒலித் துண்டுகளை ஏற்றி அமுக்க எட்டு பேட்கள் உண்டு. ஒலி மாற்றம் மோட்எக்ஸ் அளவுக்கு இழையாது.

எழும்பும் நேரத்தையும் பார்க்க வேண்டும். கோர்க் குரோனோஸ் போன்ற பெரிய கருவி, போட்டதிலிருந்து ஆயத்தமாக இரண்டு நிமிடம் அளவில் எடுக்கும். ஸ்டூடியோவில் அது பொருட்டல்ல. மின்சாரம் கண் சிமிட்டும் முற்றத்தில் இரண்டு நிமிடம் என்றால் அரைப் பாட்டு.

தெரிவு ஜூனோ-டிஎஸ் 61. ஆண்டின் கனத்த வேலை கோவில் முற்றங்களில் என்பதால் பெட்டரி மற்ற எல்லாவற்றையும் முந்தியது. அடப்டரும் பெட்டரியும் சேர்ந்திருக்க, மின்சாரம் விழுந்தால் பெட்டரி இடைவெட்டில்லாமல் பிடிக்கிறதா என்பதைக் கடையில் அடப்டரை உருவிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். எந்தக் கருவியானாலும் சந்தேகம் இருந்தால் தோட்ட நிகழ்ச்சி முழுவதையும் பெட்டரியிலேயே வாசிப்பது உத்தமம். இதே குழு நுவரெலியா ஹோட்டல்களில் மட்டும் வாசிப்பதாக இருந்தால் மோட்எக்ஸ் 6ஐயும் ஒரு யூபிஎஸ்ஸையும் தயங்காமல் சொல்லலாம்.

வெட்டை மறைத்த மூன்று பிரிவுகள்

இழையாத மாற்றத்துக்குக் கண்ட வழி, மாற்றாமலே இருப்பது. பாட்டுக்கு ஒரு பெர்ஃபோமன்ஸ் (ஒலிகளும் அமைப்புகளும் சேர்த்துச் சேமித்த தொகுப்பு) என்று வைத்து 61 கட்டைகளையும் மூன்றாகப் பிரித்தார்கள். இடது கோடியிலிருந்து 24 கட்டை வயலின் கூட்டம், நடுவில் 24 கட்டை குழல், வலது கோடி 13 கட்டை வீணை. வீணை அந்த உயரத்தில் கீச்சிடும் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு ஸ்தாயி இறக்கம். குழலுக்கு ஒரு ஸ்தாயி ஏற்றம். இப்போது வயலினிலிருந்து குழலுக்குப் போவது கை நகர்வதுதான், பொத்தானே கிடையாது. ஒலிகள் யாவும் ஒரே அமைப்பில் இருப்பதால் வால் அறுவதில்லை. பிரிக்கும் கட்டையைக் குறிக்கும்போது ஒரு கவனம்: நடு ஸ்தாயியின் ஸட்ஜத்தை ரோலண்டும் கோர்க்கும் சி4 என்கின்றன, யமஹா சி3 என்கிறது. ஒரு கருவியின் குறிப்பை மற்றதற்கு அப்படியே எழுதினால் பிரிவு ஒரு ஸ்தாயி தள்ளி விழும்.

சுருதி இறக்கத்தையும் பொது ட்ரான்ஸ்போஸில் விடாமல் ஒவ்வொரு பெர்ஃபோமன்ஸுக்குள்ளும் பதிந்து வைத்தார்கள். அணைந்து எழும்பினாலும் சுருதி மாறாது. திருவிழாவில் நடந்தது இனி நடக்க வழியில்லை.

நாதஸ்வரம் தனியே கொஞ்சம் உழைப்பு வாங்கியது. ஷெனாய் ஒலியை எடுத்து, ஒற்றைச் சுர முறைக்கு மாற்றி, லெகாட்டோ (சுரங்களை இணைத்து ஒலித்தல்) போட்டு, போர்ட்டமென்டோவை (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குதல்) மிகச் சிறிதாக வைத்து, ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகருவி ஒலியை அடியில் மெல்லியதாகச் சேர்த்தார்கள். லீவரால் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வைத்தால் கமகம் கைக்கு அடங்காது, லீவரைத் தொட்டதும் சுரம் எங்கோ போகும்.

ஒரே கட்டையில் ஒலிகளை அடுக்கும்போது, கருவி ஒரே நேரத்தில் எழுப்பக்கூடிய ஒலி எண்ணிக்கையையும் கணக்கில் வையுங்கள். 128 ஒலி என்றால் 128 விரல் அல்ல. பியானோ ஒரு கட்டைக்கு இரண்டு, நான்கு அடுக்குள்ள வயலின் நான்கு என்று வைத்தால் ஒரு கட்டைக்கு ஆறு போகிறது. பெடலை மிதித்தபடி இருபது சுரம் தொட்டால் 120. அடுத்த கோர்ட்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) முதலில் வாசித்த சுரங்கள் சத்தமின்றித் திருடப்படும். பெடலை விட்டு மிதித்தாலே தீரும்.

குளிரில் இறங்கும் சுருதி

மலைநாட்டுக் குழுக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். மார்கழி, தை இரவுகளில் அங்கே குளிர் நன்றாக இறங்கும். கீபோட்டின் சுருதி குளிரில் அசையாது. மூங்கில் குழலோ காற்றின் வெப்பத்தோடு போகும். ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், காற்று 27 பாகையிலிருந்து 12 பாகைக்கு இறங்கும்போது குழல் ஏறக்குறைய 45 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்), அதாவது கால்சுரம் அளவு, இறங்க வேண்டும். வாசிப்பவரின் மூச்சு குழலுக்குள்ளே சூடேற்றுவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது. இருந்தும் காதில் உறுத்தும் அளவு இறங்கும். ஈரத்தில் தபேலாவின் தோலும் தளர்ந்து அதே பக்கம் போகும்.

குழல்காரரை ஊதி ஏற்றச் சொல்வது தவறு, தொனி கெட்டுவிடும். கீபோட்டின் அடிப்படைச் சுருதியை வைக்கும் மாஸ்டர் டியூனை 440இலிருந்து 435 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் இருபது சென்ட் இறங்கும். பேஸ் கிட்டாரையும் அதற்குச் சேர்த்துவிட்டால் போதும். ஆகவே கருவி பார்க்கும்போது மாஸ்டர் டியூன் எத்தனை அமுக்கலில் கிடைக்கிறது என்பதையும் எண்ணுங்கள். குழல்காரர் மேடையிலேயே ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு சேர்ப்பதே சரி.

குளிர்ந்த வேனிலிருந்து கூட்டம் நிறைந்த ஹோலுக்குள் கொண்டுபோனதும் பையைத் திறக்கக் கூடாது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த பலகையில் பட்டதும் நீராகப் படியும். அரை மணி, முக்கால் மணி பையை மூடியே வைத்திருந்து பிறகு திறந்து போட வேண்டும். திறந்த மேடையில் நள்ளிரவுக்குப் பின் பனி கட்டைகளில் விழும். இடைவேளையில் ஒரு பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் மழைக்கு மட்டும். நெடுநேரம் மூடினால் அதற்குள்ளேயே வியர்க்கும்.

கடையில் ஒரு மணித்தியாலம்

கைமாறிய கருவியானால் ஹெட்போனோடு போய், 61 கட்டைகளையும் ஒரே பலத்தில் இரண்டு முறை வரிசையாகத் தொட வேண்டும். அலறும் கட்டை அங்கேயே அகப்படும். பிட்ச் லீவரைத் தள்ளிவிட்டு விடும்போது சுரம் சரியாக நடுவுக்கு வருகிறதா, ஜாக்கை மெல்ல ஆட்டினால் கரகரக்கிறதா, பெட்டரி அறையில் பச்சைக் களிம்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வேறு நிறுவனத்துப் பெடலை மாட்டினால் மிதிக்காதபோது சுரம் நீண்டு, மிதித்தால் நிற்கலாம். அது பழுதல்ல, முனை ஒழுங்கு எதிர். பெடலின் அடியிலுள்ள சுவிட்சோ கருவியின் மெனுவோ சரி செய்யும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகளில் தனி எச்சரிக்கை. அங்கே 100 வோல்ட். கருவியும் அடப்டரும் அதற்கே செய்யப்பட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய கணமே கருகும். அடப்டரில் எழுதியிருப்பதை வாசிக்காமல் செருகக் கூடாது, விற்பவர் எவ்வளவு உறுதி சொன்னாலும்.

மேடைக்கு வந்த பிறகு

தோட்டத்து ஒலிபெருக்கி ஏற்பாடு பெரும்பாலும் ஒற்றை வழி. ஸ்டீரியோவில் இரண்டு கேபிள் கொடுத்து மிக்ஸரில் ஒன்றாகச் சேர்த்தால் சில பியானோ ஒலிகள் சன்னமாகிவிடும். இடது பக்க மோனோ ஜாக்கில் மட்டும் ஒரு கேபிள் போதும். ஆறு மீற்றருக்கு மேல் சாதாரணக் கேபிள் இழுக்காமல் மேடையிலேயே டிஐ பொக்ஸ் (கருவியின் ஒலியை மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) ஒன்றை வைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் மிக்ஸருக்கு அனுப்பினார்கள். அடப்டரில் ஓடும்போது ஹூம் என்ற இரைச்சல் வந்தால் டிஐ பொக்ஸின் கிரவுண்ட் சுவிட்சைத் தூக்கிப் பார்க்கலாம். மிக்ஸரின் அல்லது அம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியை வெட்டுவது உயிர் ஆபத்து. ஈர மண்ணில் நின்று மைக்கைப் பிடிக்கும் பாடகருக்கு அது நேரே கைக்கு வரும்.

பெட்டரிக்கு இரண்டு செட், எட்டெட்டாக. வீட்டில் முழுச் சார்ஜோடு போட்டு, மணிக்கூடு பார்த்து, அணையும்வரை ஓட்டிப் பார்த்த நேரத்தில் முக்கால்வாசியைத்தான் மேடைக்குக் கணக்கெடுத்தார்கள். குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். ஒரு செட்டுக்குள் புதியதையும் பழையதையும் கலப்பதில்லை. பெர்ஃபோமன்ஸ்கள் முழுவதும் இரண்டு யூஎஸ்பியில் பிரதி, ஒன்று கீபோட் பையில், மற்றது பாடகியிடம்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. இடையே நிறுத்தாமல் பாட்டுக்குப் பாட்டு தாவும் தொடர் மாலையில் ஒரு பெர்ஃபோமன்ஸிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வெட்டு இப்போதும் கேட்கிறது. மாலையின் சந்திகளில் தபேலாவுக்கு நான்கு தாளம் தனியாகக் கொடுத்து, அதற்குள் கீபோட்காரர் மாற்றிக்கொள்கிறார்.